கூலி வாங்காத ரயில்காரர்கள்: தேவகோட்டை ஆச்சி ஒருவரின் கேள்விக்குப் பதில்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருப்பதன் சாரம் இது. சிகாகோ பக்கம் கணினித் துறையில் வேலை பார்க்கும் அவருடைய பேரன், சனி ஞாயிறுகளில் யூனியன் என்ற சிற்றூரிலுள்ள இல்லினாய் ரயில்வே காட்சியகத்துக்குப் போய்ப் பழைய வண்டிகளைச் சீர்செய்கிறான். அதற்குச் சம்பளம் கிடையாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் வண்டிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி, பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவதையும் தள்ளிப்போட்டுவிடுகிறான். சம்பளம் வாங்காத ஆட்களை நம்பி ஒரு ரயிலை எப்படி ஒப்படைக்கிறார்கள்? விடுமுறையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதற்கும் பழைய எஞ்சினைச் சீர்செய்வதற்கும் என்ன தொடர்பு? ஊர் திரும்பியதும் காரைக்குடியில் இதையே செய்யப்போவதாகச் சொல்கிறானே, அது நடக்கிற காரியமா? தண்டவாள இடைவெளி ஒரு மீட்டராக இருந்த மீட்டர் பாதைக் காலத்தில் பெட்டிப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆச்சி, தங்களுடைய இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால்தான் மற்றவை விளங்கும். இத்தகைய காட்சியகங்களில் பட்டறைக்குச் சோறு போடுவது விடுமுறை வண்டிதான். சாதாரண நாட்களில் அங்கே வருவோர் ரயில் பைத்தியம் பிடித்த சிலரும் பள்ளிக் குழந்தைகளும் மட்டுமே. ஆனால் அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4, அக்டோபர் மாதப் பரங்கிக்காய் விழா, டிசம்பர் மாத வார இறுதிகள் ஆகிய நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். இருக்கைகளுக்கு முன்கூட்டியே சீட்டு விற்றுவிடலாம். அந்தப் பணம்தான் இரும்புத் தகடாகவும் மரப்பலகையாகவும் நிலக்கரியாகவும் மாறுகிறது. பயணிகளை ஏற்றும் எந்த அமைப்பும் கட்டியாக வேண்டிய காப்பீட்டுக்கும் அதிலிருந்துதான் கொடுக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வண்டியில் ஏறும் குழந்தைக்கு அந்தப் பெட்டி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதில் அக்கறை இருக்காது, தாத்தா வேடமிட்டவர் எப்போது வருவார் என்பதில்தான் இருக்கும். இதைச் சொல்லி, காட்சியகம் கேளிக்கைக்கூடமாகிவிட்டது என்று முணுமுணுக்கும் தீவிர ரயில் ஆர்வலர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகள் வராவிட்டால் எஞ்சின் துருப்பிடித்துத்தான் நிற்கும்.

இந்தத் தொடர்பை இன்னும் இறுக்கமாக்குவது அமெரிக்க அரசின் நீராவி எஞ்சின் விதி. ஒரு நீராவி எஞ்சினின் பாய்லரை முழுவதும் பிரித்து, குழாய்களையெல்லாம் உருவி எடுத்து, உள்ளே ஆள் இறங்கித் தகட்டின் கனத்தை அளந்து சரிபார்த்த பிறகு, அது 1472 பணிநாட்கள் ஓடலாம், அல்லது 15 ஆண்டுகள் ஓடலாம். இவற்றில் எது முதலில் வருகிறதோ அத்துடன் மறுபடியும் முழுவதும் பிரிக்க வேண்டும். நெருப்பு மூட்டி நீராவி அழுத்தம் ஏறிய எந்த நாளும் பணிநாள்தான், எஞ்சின் ஒரே ஒரு நடை போய் வந்தாலும் சரி. 1472-ஐ 15-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 98 நாட்கள் வருகின்றன. வார இறுதியில் மட்டும் திறக்கும் ஒரு காட்சியகத்தில் எஞ்சின் அத்தனை நாள் ஓடுவது அரிது. ஆகவே அவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது ஆண்டுக் கணக்கே. எஞ்சின் சும்மா நின்றாலும் 15 ஆண்டு கரைந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் காலத்துக்குள் அது தன் அடுத்த முழுப் பழுதுபார்ப்புக்கான பணத்தைத் தானே சம்பாதித்துவிட வேண்டும். விடுமுறை நாட்காட்டியை அவர்கள் அவ்வளவு கவனத்தோடு வகுப்பதும், நெருப்பு மூட்டிய நாளில் முடிந்த அளவு நடைகளை ஓட்டிவிடுவதும் இதனால்தான்.

கிறிஸ்துமஸ் வண்டியைப் பல இடங்களில் டீசல் எஞ்சினோ மின்வண்டியோதான் இழுக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பேரன் புகைப்படம் அனுப்பும்போது ஏமாற்றமாக இருக்கக்கூடாது. அந்தக் குளிரில் நீராவி எஞ்சினின் குழாய்களில் தண்ணீர் உறைந்தால் வெடிப்பு விழும். ஆகவே பருவம் முடிந்ததும் தண்ணீரையெல்லாம் வடித்து, காற்று ஊதிக் காயவைத்து, வசந்தகாலம் வரை தூங்கவிடுவது வழக்கம். பழைய பெட்டிகளுக்கு டிசம்பரில் சூடேற்றும் வசதியும் வேண்டும். அதற்கென்றே மாதக்கணக்கில் முன்கூட்டி வேலை நடக்கும்.

இனி, நம்பி ஒப்படைப்பது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். சம்பளம் இல்லை என்பதால் கட்டுப்பாடும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது விளக்குமாறும் எண்ணெய்த் துணியும் ஆகும். வண்டி நிறுத்துமிடத்தை ஒழுங்குபடுத்துவது, சீட்டு விற்பது, பெட்டி துடைப்பது என்று சில காலம் போன பின், விதிப்புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதி, பிரேக்கையும் பெட்டி இணைப்பையும் கவனிக்கும் பிரேக்மேனாகப் பழக வேண்டும். அங்கே கண்டக்டர் என்பவர் நம் ஊர்க் கார்டைப் போல வண்டி முழுவதற்கும் பொறுப்பாளர். டிரைவரும் அவர் சொல்லை மீறி வண்டியை நகர்த்த முடியாது. நீராவி எஞ்சினில் ஏற விரும்புபவர் ஃபயர்மேனாகப் பல பருவங்கள் கரி அள்ளிப்போட்டு, தண்ணீர் மட்டத்தைக் காத்துப் பழகிய பிறகே, எஞ்சினை ஓட்டும் நீராவிக் கைப்பிடியான ரெகுலேட்டரைத் தொட முடியும். ஒவ்வொரு நிலையிலும் மூத்தவர் ஒருவர் கூடவே நின்று பார்த்து, சரி என்று கையெழுத்திட வேண்டும். வண்டி புறப்படுமுன் பிரேக் சோதனை உண்டு: காற்றழுத்தத்தைக் குறைத்து, பிரேக் பிடித்ததா என்று ஒவ்வொரு பெட்டியாக நடந்து பார்த்து, பிறகு விடுவித்து, விட்டதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி இயக்கும் வாக்குவம் பிரேக் காலத்தில் நாங்கள் செய்ததும் அடிப்படையில் இதுவேதான்.

நீலக்கொடி விதியையும் குறிப்பிட வேண்டும். வண்டிக்கு அடியிலோ இரண்டு பெட்டிகளுக்கு இடையிலோ ஒருவர் வேலை செய்தால் அங்கே நீலக்கொடி வைக்கப்படும். அதை வைத்த குழுவினரைத் தவிர வேறு எவரும், தலைமை அதிகாரியே ஆனாலும், எடுக்கக் கூடாது. நம்மிடம் இதே காரியத்துக்குச் சிவப்புக்கொடி கட்டுவார்கள். தங்கள் பேரனின் உயிரைக் காப்பவற்றில் அந்தத் துணித்துண்டும் ஒன்று என்பதால் சொல்கிறேன்.

தண்ணீர் மட்டம் என்றேன். அதைச் சற்று விளக்காமல் போக மனமில்லை. பாய்லருக்குள் இருக்கும் நெருப்புப்பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர்தான் அந்தத் தகட்டின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால், சில நிமிடங்களிலேயே இரும்பு சிவந்து இளகி, நீராவி அழுத்தம் தாங்காமல் கீழ்நோக்கிப் பிதுங்கிவிடும். 1995 ஜூன் 16 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் ஒரு சுற்றுலா நீராவி வண்டியில் இதுவே நடந்தது. தண்ணீர்க் கண்ணாடிக்குப் போகும் வழி உப்புப் படிவத்தால் அடைபட்டுப் பொய் மட்டம் காட்டியது. எஞ்சினில் இருந்த மூவர் சூட்டுக்காயம் பட்டார்கள், பயணிகள் தப்பினார்கள். அந்த எஞ்சினின் தகட்டைத் தாங்கிய போல்ட்டுகள் ஒரே நேரத்தில் பிடுங்கிக்கொள்ளாமல் படிப்படியாக விட்டுக்கொடுக்கும்படி அமைந்திருந்ததால் பெருவெடிப்பு நேரவில்லை. நான் முன்பு சொன்ன 15 ஆண்டு விதி இந்த விபத்தின் விசாரணைக்குப் பிறகு திருத்தி எழுதப்பட்ட விதிகளில் ஒன்று. ஆர்வம் மட்டும் போதும் என்ற எண்ணம் அத்துடன் அந்த நாட்டில் விடைபெற்றது என்று சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு, நம் ஊர்க் கேள்விக்கு அதுவே முக்கியம்: பாதை அவர்களுடையது. இல்லினாய் காட்சியகம் 1953-ல் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு ஒரேயொரு பழைய மின்ரயில் பெட்டியை வாங்கியதில் தொடங்கியது. 1964-ல் யூனியனுக்கு இடம் மாறியபோது, எல்ஜின் – பெல்விடியர் மின்ரயில் நிறுவனம் 1930-ல் கைவிட்டிருந்த பாதை நிலத்தில் தாங்களே தண்டவாளம் போட்டுக்கொண்டார்கள். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளை மாற்றுவதும் புல் வெட்டுவதும் தடம் பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட்டுக்கு எண்ணெய் விடுவதும் உறுப்பினர்களே. வேறு எந்த ரயிலும் வராத பாதையில் மெதுவான வேகத்தில் ஓட்டுவதற்கும், நாட்டின் பொதுப் பாதையில் ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

அந்தக் காட்சியகத்தின் 1630 எண் கொண்ட நீராவி எஞ்சினைப் பற்றிப் பேரன் கட்டாயம் சொல்லியிருப்பான். பத்து இயக்குசக்கரங்கள் கொண்ட அந்த எஞ்சின் 1918-ல் பால்ட்வின் ஆலையில் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்டது. அதற்குள் அங்கே புரட்சி வந்து ஆட்சி மாறிவிட்டதால், ஏறத்தாழ 200 எஞ்சின்கள் அனுப்பப்படாமல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டன. ரஷ்யப் பாதை அகலம் 1524 மில்லிமீட்டர், அமெரிக்கப் பாதை 1435. அச்சை மாற்றாமல் சக்கரத்துக்கு அகலமான வளையங்களை மாட்டி உள்நாட்டுப் பாதையில் ஓடவிட்டார்கள். அதே எஞ்சின் 2004-ஐ ஒட்டிப் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டு கழித்து 2014-ல்தான் மறுபடியும் பயணிகளை இழுத்தது. அங்கே வேலை செய்வோர் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் வருபவர்கள். உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. பழைய வரைபடத்தைத் தேடி, மரத்தில் அச்சு செய்து, வார்ப்புக்கு அனுப்பி, கடைந்து பொருத்த வேண்டும். குழாய்களைப் புதிதாகப் போட்ட பின் பாய்லரில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிச் சோதிக்கிறார்கள். முதல் நெருப்பைக்கூட அவசரமாக மூட்ட முடியாது. தகடுகள் சமமாகச் சூடேற ஒரு நாள் முழுவதும் சிறுநெருப்பாக வைத்திருக்க வேண்டும்.

மரப்பெட்டிகளைச் சீர்செய்வது வேறு விதமான பொறுமை. முதலில் ஒவ்வொரு அங்குலத்தையும் படம் எடுத்து, கழற்றிய திருகைக்கூட எண்ணிட்டு வைப்பார்கள். வண்ணப்பூச்சை வட்டமாகத் தேய்த்துப் பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வண்ண வளையங்கள் தெரியும். எந்தக் காலத்துத் தோற்றத்துக்குத் திருப்புவது என்பதை அதைக்கொண்டு முடிவு செய்வார்கள். அந்தப் பழைய பூச்சில் ஈயமும், குழாய் உறைகளில் கல்நாரும் இருக்கும் என்பதால் முகமூடியில்லாமல் தொடக்கூடாது. கூரைப்பலகையின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டி வண்ணம் பூசுவதுதான் பழைய முறை. அந்தத் துணி கிழிந்தால் தண்ணீர் இறங்குவது வெளியே தெரியாது. அடிச்சட்டம் உளுத்த பிறகே கதவு மூடாமல் காட்டிக்கொடுக்கும். எனவேதான் விவரம் தெரிந்த காட்சியகங்கள், வண்டியைச் சீர்செய்யுமுன் அதற்குக் கொட்டகை போடுகின்றன. வெட்டவெளியில் நிற்கும் பத்து வண்டிகளுக்கு வண்ணம் பூசுவதைவிட ஒரு கொட்டகை கட்டுவது மேல். தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆச்சி. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஓடு மாற்றாமல் விட்ட வளவுகளில் பர்மாத் தேக்குத் தூண் என்ன ஆயிற்று என்பதையும், ஒரு பகுதியை விடுதியாக்கி வந்த வாடகையில் மறுபகுதியின் ஓடுகளை மாற்றிக் காப்பாற்றிய வீடுகளையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். காட்சியகத்தின் வரவு செலவும் இப்படித்தான் நடக்கிறது.

பிரிட்டனில் இந்த வழக்கம் இன்னும் வேரூன்றியது. வேல்ஸில் 1865-ல் திறந்த தாலிலின் என்ற சிறு பாதையை மூடும் நிலை வந்தபோது, தன்னார்வலர்கள் 1951-ல் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அப்படி நடந்த முதல் ரயில் அதுவே. சசெக்ஸின் புளூபெல் பாதை 1960-ல் தொடங்கியது. அங்கேயும் டிசம்பர் வண்டிகளின் வருமானம் இல்லாவிட்டால் பல பாதைகள் தள்ளாடும்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பழைய எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்கும் ரயில்வே தொழிலாளர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, பெருமைதான் உண்டு. 1855-ல் லீட்ஸில் கட்டப்பட்ட ஃபேரி குயின் 1997-ல் மறுபடியும் பயணிகளை இழுத்தது. அதே காலத்தில் கிழக்கிந்திய ரயில்வேக்காகக் கட்டப்பட்ட இஐஆர் 21 எஞ்சினைப் பெரம்பூர்ப் பட்டறையில் 2010-ல் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, சென்னையில் சிறப்பு நடைகள் ஓட்டினார்கள். நமக்கு அருகிலுள்ள பொன்மலைப் பட்டறையோ நீலகிரி மலைப்பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியிருக்கிறது. சென்னையில் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகமும் திருச்சியில் உள்ளதும் ரயில்வே நிர்வாகம் நடத்துபவை. வெளியார் ஒருவர் நம் பாதையில் வண்டி ஓட்டுவது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடப்பதே 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே காரைக்குடியில் கிறிஸ்துமஸ் வண்டியோ பொங்கல் வண்டியோ தன்னார்வலர்கள் ஓட்டுவது நடக்காது என்று பேரனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஓட்டுவதை விட்டுவிட்டால், செய்யத்தக்கது நிறைய இருக்கிறது. திருச்சி – மானாமதுரைப் பாதை 1930-ஐ ஒட்டித் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, இலங்கைக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் ரயிலேறிப் போய்த் தனுஷ்கோடியில் கப்பலேறினார்கள். மீட்டர் பாதைக் காலத்து டிரைவர்கள், பாதையைப் பராமரித்த கேங்மேன்கள், தடம் மாற்றிவிட்ட பாயிண்ட்ஸ்மேன்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வதுதான் முதல் வேலை என்பேன். இரும்பு காத்திருக்கும், மனிதர்களின் நினைவு காத்திருக்காது. அட்டைப் பயணச்சீட்டு, ஒற்றைப்பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் அனுப்ப உதவிய நீல் பந்து டோக்கன் கருவி, கைவிளக்கு போன்றவற்றைச் சேகரிக்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வராத பொருளே இல்லை. ரயில்வே முத்திரை உள்ள ஒரு பொருளை, அது முறையாக ஏலத்தில் விற்கப்பட்டது என்பதற்கான தாள் இல்லாமல் வாங்கி வைத்திருந்தால், 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தின்கீழ் வழக்கு வரலாம். தாள் இல்லையென்றால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

சீர்செய்யும் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. தேக்கில் இழைப்பு வேலை செய்யத் தெரிந்த ஆசாரிகள் செட்டிநாட்டில் இருக்கும் அளவுக்கு வேறு எங்கும் கிடைப்பது அரிது. துருவைப் பற்றி அறிய அமெரிக்கா போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, உலோக அரிப்பு அதன் முதன்மையான ஆய்வுத் துறைகளில் ஒன்று. ஒரு நிலையத்தில் காட்சிக்கு நிறுத்தப்பட்ட பழைய வண்டி வெயிலிலும் மழையிலும் வீணாவதைப் பார்த்தால், அதற்குக் கூரை போட்டுத் துரு அகற்றிப் பராமரிக்க ஒரு குழுவாக முன்வருகிறோம் என்று கோட்ட நிர்வாகத்துக்கு எழுதலாம். காரைக்குடி சந்திப்பு மதுரைக் கோட்டத்தில் வருகிறது. தனி ஆளின் கடிதத்தைவிடக் கல்லூரி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு பதிவு பெற்ற சங்கமாக எழுதுவது மேல். பொறுப்பு யாருடையது, விபத்து நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் அதிகாரி முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும்.

விடுமுறைப் பயணத்துக்கும் வழி உண்டு. ஓடுகிற வண்டியிலேயே சீட்டு எடுத்துக்கொண்டு போகலாமே. காரைக்குடியில் பயணிகள் வண்டியில் ஏறினால் கோட்டையூர், செட்டிநாடு, திருமயம் என்று வரிசையாக நிலையங்கள் வருகின்றன. பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளை ஓய்வு பெற்ற ரயில்காரர் ஒருவரோடு ஏற்றி, சிக்னல் எப்படி மாறும், ஒற்றைப்பாதையில் எதிர்வண்டி எப்படி மோதாமல் போகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே செட்டிநாடு நிலையத்தில் இறக்கி, கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறையையும் காட்டலாம். இன்னொரு நாள் திருமயம் கோட்டைக்குப் போகலாம். யூனியனில் தங்கள் பேரன் பெட்டிக்குள் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக் கதை சொல்லும் பழக்கம் முழுவதும் இங்கே அப்படியே பயன்படும். பயணிகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்கும் பழக்கம் அதைவிடவும் பயன்படும்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதிகளில்தான் அவர்களுக்கு ஆள் தட்டுப்பாடு. ஒரு வண்டிக்கு டிரைவர், கண்டக்டர், பிரேக்மேன்கள் போக, பெட்டிக்கு ஒருவர், சீட்டுக்குச் சிலர், நிறுத்துமிடத்துக்குச் சிலர் என்று தேவைப்படும், ஒருவர் வராவிட்டால் நடை நின்றுபோகலாம். அமெரிக்காவிலுள்ள நகரத்தார் ஒன்றுகூடி, நோன்பின் முக்கியச் சடங்கான இழை எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்றே. அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜனவரியில் அந்தக் காட்சியகங்களில் வண்டி ஓடாது, பட்டறை வேலையும் குளிரில் மந்தமாகத்தான் இருக்கும். பொங்கலுக்கு வரச் சொல்லிக் கேட்டால் மறுக்க அவனிடம் காரணம் இருக்காது. வரும்போது அங்கே புதியவர்களுக்குக் கொடுக்கும் விதிப்புத்தகத்தையும் பயிற்சிப் பதிவேட்டின் படிவத்தையும், காட்சியகம் அனுமதித்தால், ஒரு பிரதி எடுத்துவரச் சொல்லுங்கள். இங்கே சங்கம் தொடங்குவதானால் முதலில் தேவைப்படுபவை அவைதான்.